மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே

காரைக்குடி,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்று வாரமாகக் குளிக்கக்கூட மனசு வரவில்லை, மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு என்னைப் போல மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை மட்டும் கவனிக்கிற பயிற்சி, அதை மட்டும் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் போன 8 வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை உருவாக்கிய செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்களும் அதை யோசித்ததே, மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்ப வராமல் இருக்கத்தான். 2000-இல் வந்த அவர்களுடைய ஆய்வில்கூட, மூன்று தடவையோ அதற்கு மேலோ விழுந்து எழுந்தவர்களுக்குத்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. எனக்கும் மூன்றாவது தடவை தேறிய பிறகுதான் இது கைகொடுத்தது, அதுவும் மாத்திரையோடு சேர்த்து. குறைப்பதானால் உன் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக.

முதல் நாள் ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார், முகர்ந்து பார், மெதுவாகக் கடி என்றார்கள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து சீப்புச் சீடையை அப்படித் தின்று பார்த்தபோதுதான், இத்தனை வருஷமாக நான் எதையும் ருசித்தே சாப்பிட்டதில்லை என்று தெரிந்து கண் கலங்கிவிட்டது.

இப்போது காலையில் வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கிறேன். நிழலில் தரையின் ஆத்தங்குடிக் கல் சில்லென்று இருக்கும், வெயில் விழுந்த இடத்தில் வெதுவெதுப்பாக இருக்கும், அந்த மாற்றம் உள்ளங்காலில் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். நடுவில் வழக்கமான பேச்சு ஆரம்பிக்கும், நீ எதற்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம் என்று. முன்பெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை அசைபோடுவேன், அப்படியே படுக்கையில் போய் விழுவேன். இப்போதும் அது வரத்தான் செய்கிறது, ஆனால் சரி, இது ஒரு நினைப்பு, உண்மை என்று ஆகிவிடாது என்று சொல்லிக்கொண்டு மறுபடி காலுக்கு வந்துவிடுகிறேன். சில நாள் நாற்பது தடவை வர வேண்டியிருக்கிறது.

உனக்கு இப்போது இருக்கும் நிலையில் கண்ணை மூடி உட்காராதே, உள்ளே இருட்டுத்தான் பெருகும், எனக்கு அப்படித்தான் ஆனது. ஐந்து நிமிஷம் தெருவில் நட, போதும். இவ்வளவு பெரிய வீட்டில் இருந்துகொண்டு உனக்கென்ன குறை என்று என்னிடம் கேட்டவர்களைப் போல உன்னிடமும் யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே.

ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416, அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் இங்கே வந்து இரு. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற மாடி அறையை உனக்காகப் பெருக்கி வைத்துவிட்டேன்.

உன் பழைய தோழி