காசு கொட்டுனா குறி நேராயிடுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல மனு பாக்கர் துப்பாக்கி சுடுறதுல ரெண்டு வெண்கலம் வாங்குனதுல இருந்து நம்ம மதுரைப் பக்கமும் பிள்ளைங்க ஏர் பிஸ்டல், அதான் காத்தழுத்தத்துல சுடுற கைத்துப்பாக்கி, சுட ஆசைப்படுறாங்க, ரொம்ப சந்தோசம், ஆனா சேத்துவிட்ட மாசமே மொரினி, ஸ்டெய்ர்னு வெளிநாட்டு பிஸ்டல்தான் வேணும்னு பெத்தவங்க நகைய அடகு வச்சு லட்சக்கணக்குல கொட்டுறதப் பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

அந்த விலைக்கு அதுல சரக்கு இருக்கு, இல்லேன்னு சொல்லல. போட்டிக்கு முன்னாடி 500 கிராம் எடைய ட்ரிக்கர்ல (விரல் வச்சு இழுக்குற விசை) மாட்டி அதத் தாங்குதான்னு செக் பண்ணுவாங்க, நல்ல பிஸ்டல்ல அந்த இழுவைய ஒரு தடவை செட் பண்ணிட்டா அப்படியே நிக்கும். ஆனா 10 மீட்டர் தூரத்துல 11.5 மில்லிமீட்டர் வட்டம்தான் பத்து பாயிண்ட், புதுசா சுடுற பிள்ளைக்கு குண்டு எட்டுக்கும் அஞ்சுக்கும் சிதறுதுன்னா அது பேரல் (துப்பாக்கிக் குழல்) கோளாறு இல்லங்க, ட்ரிக்கர வெடுக்குன்னு இழுக்குறதும் பிஸ்டல் மேல குறி பாக்குற சைட்ட விட்டுட்டு டார்கெட்டயே பாக்குறதும்தான், அத எந்தக் கம்பெனி பிஸ்டலும் சரிபண்ணாது.

அதுக்கு மேலயும் காசு போறது பிஸ்டலோட கைப்பிடிக்குத்தான். கைக்கு அளவெடுத்து செதுக்குன வால்நட் மரப் பிடின்னு தனியா வாங்குறாங்க, வளர்ற பிள்ளைக்கு அது எத்தன நாளைக்குப் பத்தும்? எங்க பொண்ணோடது நம்ம நாட்டுத் தயாரிப்பு பிஸ்டல், பிடி பெருசா இருந்து சுண்டுவிரல் வழுக்குச்சு, தெரிஞ்ச ஆசாரிதான் அரம் போட்டு தேச்சு உள்ளங்கையில இடைவெளி விழுற எடத்துல எம்-சீல் வச்சு காயவிட்டு உப்புத்தாள் போட்டுக் குடுத்தாரு, அவ்வளவுதான், இப்ப கை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உக்காருது. ஒண்ணு மட்டும் பாத்துக்கணும், முழு பிஸ்டலும் 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள்ள அடங்கணும், பிடி மணிக்கட்டுக்கு முட்டுக் குடுக்கக் கூடாது, இல்லேன்னா போட்டியில விட மாட்டாங்க.

வெளிநாட்டு பிஸ்டலும் பழுதாகும், 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாக்கருக்கே பிஸ்டல்ல லீவர் உடைஞ்சு நேரம் போய் ரெண்டே பாயிண்ட்ல ஃபைனல் போச்சு. இங்க காத்து கசியாம அடைக்குற ஒரு ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போச்சுன்னாக்கூட ஸ்பேருக்கு வெளியூரு பாத்து உக்காந்திருக்கணும், பழசு வாங்குறவங்க காத்து சிலிண்டருக்கும் பத்து வருசம்தான் ஆயுசுன்னு தேதியப் பாத்து வாங்குங்க.

பிள்ளை 60 குண்டுல 600க்கு 550க்கு மேல தொடர்ந்து எடுக்கட்டும், அப்ப வாங்கிக் குடுங்க, அப்பதான் அந்த வித்தியாசம் கைக்கே தெரியும். அதுவரைக்கும் அந்தக் காச பெல்லட்டுக்கும் (இதுல போடுற சின்ன குண்டு) பயிற்சிக்கும் போடலாம். கிளப்புகளும் விளையாட்டுத் துறையும் மாவட்டத்துக்கு நாலஞ்சு நல்ல பிஸ்டல் பொதுவுல வைக்கணும், அதுல ஒண்ணாவது இடதுகைப் பிள்ளைங்களுக்கு வேணும், பெல்லட்டும் மானியத்துல குடுத்தா உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பிள்ளைங்களும் வந்து சுடுவாங்க.

இப்படிக்கு,
ஏர் பிஸ்டல் பழகுற ஒரு பொண்ணோட அப்பா,
கே.கே. நகர், மதுரை