காகுமாவை விட்டுக் கிளம்பும் முன்

அன்பிற்குரிய எங்கள் பங்கு மக்களுக்கும், அன்பியங்களுக்கும், எங்கள் வீட்டாருக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

கென்யாவின் காகுமா அகதிகள் முகாமில் என் பயிற்சிக்காலம் முடிகிறது. அடுத்த மாதம் இறையியல் படிக்க நைரோபிக்குப் போகிறேன். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எழுத உட்காரவே மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமி இதை வாசிப்பார். கொஞ்சம் நீளம்தான். கடைசி வரிசை அண்ணன்மார்கள் பைக்கை எடுக்கக் கிளம்பிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு அன்று பொதுக் காணிக்கை ரோமுக்குப் போனது போக, எனக்கென்று தனியாக ஏலம் போட்டீர்கள். ஒரு தேங்காயை ஐநூறு ரூபாய்க்கு எடுத்த மாமாவின் படத்தை தம்பி அனுப்பியிருந்தான். அந்தப் பணம் எங்கள் தொழிற்பயிற்சி மையத்தின் தையல் பிரிவுக்குப் போனது. மிதி மெஷின்கள் சிலவற்றுக்கு மோட்டார், ஊசி, நூல், பழகுவதற்குத் துணி. இங்கே படிப்பவர்கள் கடைசியில் அரசின் தொழில் தேர்வு எழுதுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் முகாம் சந்தையில் ஒரு கடை போடவும், நாளைக்கு ஊர் திரும்ப முடிந்தால் அங்கே வேலை கேட்கவும் வழி உண்டு. ஏலத் தேங்காய் எங்கே போனது என்று கேட்டால் இதுதான் பதில்.

நீங்கள் கேட்ட படங்களை நான் அனுப்பவில்லை. மெலிந்த குழந்தைகள் நடுவில் நான் நிற்கிற மாதிரி வேண்டும், நோட்டீஸ் பலகையில் ஒட்டலாம் என்று இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். இங்கிருப்பவர்களுக்கும் போன் இருக்கிறது, பேஸ்புக் இருக்கிறது. நாளைக்கு அந்தப் படத்தை அவர்களே பார்ப்பார்கள். வெல்டிங் படிக்கும் ஒரு சோமாலிப் பையன், தான் செய்த இரும்புக் கதவின் பக்கத்தில் நிற்கும் படத்தை அனுப்புகிறேன். அதை ஒட்டுங்கள், அவனே சம்மதித்துவிட்டான்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வந்தது: “எத்தனை பேரை மனம் திருப்பினீர்கள் பிரதர்?” அந்தச் சோமாலிப் பையன் முஸ்லிம். வெல்டிங் பட்டறையில் அவனிடம் யாரும் மதம் கேட்டதில்லை. தெற்கு சூடானிலிருந்து வந்தவர்களில் பலர் நான் பிறப்பதற்கு முன்பே கத்தோலிக்கர்கள். 1964-இல் சூடான் அரசு வெளிநாட்டு மறைப்பணியாளர்களை அந்நாட்டின் தெற்குப் பகுதியிலிருந்து வெளியேற்றியது. அதன்பின் போர், பஞ்சம், ஓட்டம். சாமியார் வராத ஊர்களில் மரத்தடியில் ஆட்களைக் கூட்டி செபம் சொல்லி, பாட்டுப் பாடி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொன்னவர்கள் உபதேசியார்கள்தான். நம் மறவ நாட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தானே? லிஸ்பனில் பிறந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டார். அவருக்கு முன்னும் பின்னும் ஊர் ஊராகச் சபையைத் தாங்கிய உபதேசியார்களுக்கு நாம் திருவிழா எடுக்கவில்லை. அம்மா என் பையில் வைத்து அனுப்பிய ஓரியூர் செம்மண் பொட்டலத்தைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே வந்த பிறகு, அந்த ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அப்படி ஒரு உபதேசியார் இங்கே எங்கள் கிளைக் கோயிலில் இருக்கிறார். தெற்கு சூடானின் டிங்கா இனத்துப் பெரியவர், ஆறடிக்கு மேல் உயரம். அவருக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது.

காகுமா கென்யாவின் வடமேற்கில், துர்கானா மாவட்டத்தில் இருக்கிறது. 1992-இல், சூடான் போரிலிருந்து நடந்தே தப்பி வந்த சிறுவர்களுக்காகத் தொடங்கிய முகாம். இன்றைக்குப் பக்கத்துக் கலோபெயெய் குடியிருப்பையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆட்கள்: தெற்கு சூடான், சோமாலியா, காங்கோ, புருண்டி, எத்தியோப்பியா. சாப்பாடு உலக உணவுத் திட்டத்தின் கையில். 2025-இல் நிதி குறைந்தது, ரேஷனும் குறைந்தது. பிறகு குடும்பங்களைத் தேவைப்படி பிரிவு பிரிவாகப் பிரித்தார்கள். சிலருக்குக் கொஞ்சம் கூடுதல், சிலருக்குக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. வகுப்பில் இருக்கைகள் காலியாகத் தொடங்கின. வந்த பிள்ளைகளும் பத்து மணிக்கு மேல் மேஜையில் தலை வைத்துவிடுவார்கள்.

அந்த மாதங்களில் எனக்குச் செபம் வறண்டுபோனது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். “எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்” என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடும், அவ்வளவுதான். எங்கள் இல்லத்தில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வரியைச் சொல்வது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உபதேசியார் வீட்டில் அப்போது ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அவர் சுவாகிலியில் அதே வரியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதுபோல் கேட்பார். அவர் சொல்வதைக் கேட்டு, பின்னாலேயே நானும் சொல்லிப் பழகினேன். ஏன் இப்படி என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் மறுபடி வாய் திறந்தது.

எங்கள் குழுமத்துச் சகோதரர்களுக்கும் இதில் நன்றி. காங்கோ, தான்சானியா, கென்யா, இந்தியா என்று நாலு திசை ஆட்கள். விடியும் முன் மணி அடித்துவிடும். திருப்புகழ்மாலை என்கிற எங்கள் பொதுச் செபத்தில் ஒரு பக்கத்தார் ஒரு வரி, மறுபக்கத்தார் மறுவரி. என் பக்கத்தில் நான் சும்மா இருந்தாலும் திருப்பாடல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இப்போதுதான் புரிகிறது.

மரியாயின் சேனை அம்மாமார்களே, ஒவ்வொரு மாதமும் 24-ஆம் தேதி எனக்காகச் செபமாலை சொல்வதாகத் தகவல் அனுப்பினீர்கள். அன்றைக்கு எனக்குள் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நான் சொல்லாத நாளிலும் என் பெயரைச் சொல்லி யாரோ சொல்கிறார்கள் என்று தெரியும். நாள் முழுக்க நாற்பது டிகிரி வெயிலில் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

மலேரியாவில் படுத்திருந்தபோது ஊஜி காய்ச்சிக் கொடுத்த சமையல்கார அம்மாவுக்கும், தூரத்திலிருந்தே மருந்து நேரத்தைப் போனில் ஞாபகப்படுத்திய அக்காவுக்கும் நன்றி. ஊஜி என்றால் வேறொன்றுமில்லை, கேழ்வரகுக் கூழ். அம்மா, நீ கவலைப்பட்ட அளவுக்கு நான் பட்டினி கிடக்கவில்லை.

அப்பாவுக்கு என்ன சொல்ல? நான் கிளம்பியபோது அவர் வழியனுப்ப வரவில்லை. “ஊர்ல இல்லாத கஷ்டமா அங்க இருக்கு?” என்பதுதான் அவர் கேள்வி. கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் வாசல் மிதிக்கிறவர். எங்கள் ஊரில் அவர் கரிமூட்டம் போடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

லொட்வார் நகரிலிருந்து காகுமாவுக்கு வருகிற சுமார் 120 கிலோமீட்டர் சாலையில் முதல் நாளே நான் அதிர்ந்துபோனேன். இரண்டு பக்கமும் நம்ம சீமைக்கருவேலம்! இங்கே அதற்கு மத்தெங்கே என்று பெயர். பாலைவனம் பரவாமல் தடுக்க எழுபது, எண்பதுகளில் கென்யாவில் நட்டது, பிறகு தானாகவே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. பரிங்கோ பகுதி மக்கள் 2006-இல் அரசின் மீது வழக்கே போட்டார்கள். இந்தக் காயைத் தின்று பல் கொட்டிப்போன ஆடு ஒன்றையும் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, நான் வெளிநாடு வந்தபிறகு முதல் தடவையாகப் போனில் சிரித்தார்.

எங்கள் வாசலில் கரி விற்கும் ஒரு துர்கானா அம்மா இருக்கிறார். துர்கானாக்கள் இந்த மண்ணின் மக்கள், ஆடும் ஒட்டகமும் மேய்ப்பவர்கள். வறட்சியில் ஆடுகள் போனபின் பலர் விறகும் கரியும் விற்று முகாம்காரர்களிடம் மாவு வாங்குகிறார்கள். அந்த அம்மாவின் மூட்டத்தில் பாதி சாம்பலாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வீடியோ காலில் பிடித்து மூட்டத்தைக் காட்டினேன். அப்பா தமிழில் சொல்ல, நான் சுவாகிலியில் சொல்ல, எலக்ட்ரிகல் படிக்கும் ஒரு பையன் துர்கானா மொழியில் சொல்ல, ஒரு மணி நேரம் பேச்சு. மண் பூச்சில் விரிசல் இருக்கு, காத்து உள்ள போகுது. வெள்ளைப் புகை வந்தா ஈரம், விடு. நீலமா மெலிஞ்சு வந்ததும் துளையை அடைச்சிடச் சொல்லு. அந்த அம்மா பதிலுக்கு, குச்சிகளை எந்தத் திசையில் அடுக்கினால் காற்றுக்குத் தாங்கும் என்று சொன்னார். அப்பா, “ஆமா, அது சரிதான்” என்றார். அவர் அப்படி யாரிடமும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அப்பாவே கூப்பிடுகிறார். என் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், “அந்தம்மா மூட்டம் எப்படி?” என்பார். நான் ஏன் வந்தேன் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டதா, தெரியாது. கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. அப்பா, நன்றி. போன வாரம் அந்த அம்மா ஒரு எகிச்சோலோங் கொடுத்திருக்கிறார். உட்காரவும் தலைக்கு வைத்துப் படுக்கவும் ஆகிற சின்ன மர முக்காலி. உங்களுக்காம், எனக்கில்லை. ஊருக்கு வரும் ஒரு சாமியாரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அக்டோபர் ஏலப் பணத்தை நைரோபிக்கு எனக்கு அனுப்ப வேண்டாம், அங்கே எனக்குச் செலவு கிடையாது. காகுமா தையல் பிரிவுக்கே போகட்டும். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். தேங்காய் மாமா, இந்தத் தடவை சேவலையும் எடுங்கள்.

உங்கள் அன்புள்ள,
பிரதர்
காகுமா, கென்யா