ஆச்சியின் வெற்றிலைச் செல்லம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சியின் காரியம் முடிந்து, லாக்கரும் திறந்து, பங்கும் பிரித்தாயிற்று. ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தை உனக்குத் தர முடியுமா என்று போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் மழுப்பிவிட்டேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

லாக்கருக்குப் பெரியப்பாதான் நாமினி. அதைக் கேட்டதும் உறவில் ஒருவர், "அப்போ எல்லாம் மூத்தவனுக்குத்தான்" என்றார். இன்னொரு கிழவி, "தாய் நகை மகளுக்கு, ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை?" என்றாள். இரண்டுமே சட்டம் இல்லை. நாமினி வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன தாயின் சொத்து, தாத்தாவும் இல்லாத நிலையில், பிள்ளைகள் மூவருக்கும் சமம். பெரியப்பாவுக்கும் இது தெரியும்; ஆசாரியைத் தராசோடு வரச்சொன்னதே அவர்தான்.

வளையலையும் சங்கிலியையும் நிறுத்துப் பங்கு போட அதிக நேரம் ஆகவில்லை. சிவப்புக்கல் அட்டிகைதான் இழுத்தது. பார்வைக்கு 5 பவுன் மாதிரி இருக்கும். கல்லையும் உள்ளே அடைத்த அரக்கையும் கழித்தால் 3 பவுன்தான் தேறியது. உருக்க யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் அத்தை அதை எடுத்துக்கொண்டு, ஈடாக வளையலில் விட்டுக்கொடுத்தாள்.

அவளுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஆச்சி படுக்கையில் கிடந்த காலமெல்லாம் மலமூத்திரம் அள்ளியது அவள்தானே. சட்டம் சமம் என்றாலும் மனசார விட்டுக்கொடுத்தால் யார் தடுக்கப்போகிறார்கள்? "எனக்குக் கூலி கொடுக்கியா அண்ணே?" என்று கேட்டாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

தங்கத்தில் வராத சண்டை பித்தளையில் வந்தது. நல்லவேளை, பாத்திரங்களில் பெயர் வெட்டியிருந்தது. ஆச்சி பிறந்த வீட்டுச் சீரில் அவள் அப்பாவின் இனிஷியலோடு அவள் பெயர். அதை மூன்றாகப் பிரித்தோம். எங்கள் கல்யாணங்களுக்கு வந்தவற்றில் கொடுத்தவர் பெயர். யார் கல்யாணத்துக்கு வந்ததோ அவருக்கே. பெயர் இல்லாத ஒரு வெண்கல உருளிக்காகப் பெரியம்மாவும் உங்கம்மாவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது தனிக்கதை. அதை உங்கம்மாவிடமே கேட்டுக்கொள்.

இப்போது நீ கேட்ட வெற்றிலைச் செல்லம். மூடி ஓரத்தில் சுண்ணாம்பு இன்னும் அப்படியே காய்ந்து கிடக்கிறது. பாக்குவெட்டியும் உள்ளேயே இருக்கிறது. "பேத்தி கேட்டாளே" என்று பெரியப்பா அதை என் கையில் கொடுக்க வந்தார். நான்தான் வாங்கவில்லை. பல் போன பிறகு ஆச்சிக்கு வேளாவேளைக்கு வெற்றிலை பாக்கு இடித்துக் கொடுத்தவள் அத்தை. உரலை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். செல்லத்தைக் கேட்கவில்லை, ஆனால் யார் எடுக்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதையும் அவள் பையிலேயே வைத்துவிட்டேன்.

இது உனக்கு வருத்தம்தான். ஆனாலும் அத்தையிடம் பேசும்போது இந்தப் பேச்சையே எடுக்காதே. நீ கேட்டால் அவள் மறுக்க மாட்டாள், அடுத்த நாளே பார்சல் கட்டிவிடுவாள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ஆச்சியின் சுங்குடிச் சேலைகளில் இரண்டை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அரக்கு, இன்னொன்று மயில்கழுத்துப் பச்சை. இப்போதே அனுப்பவா, லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறாயா என்று சொல்.

அன்புடன்,
அப்பா