கூடமும் கொஞ்சம் கோணல்தான்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சங்க ஊழியர்களுக்கு இரண்டு நாள் எக்செல் வகுப்பு எடுக்கப் போகிறாய் என்று படித்துச் சந்தோஷம். ஆனால் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று போர்டில் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்கிறாயே, அது வேண்டாம். எழுதியே தீருவேன் என்றால் இரண்டாம் நாள் மதியம் எழுது. முதல் நாள் காலையில் கூடம் எங்கெங்கே கோணல் என்று காட்டிவிடு.

கணக்கு எண்ணிலிருந்து தொடங்கலாம். நோட்பேடில் 1234567890123456 என்று 16 இலக்கம் அடித்து, சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேவ் செய். அதை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திற. (புதிய மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லாக இருந்தால் "மாற்றட்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். வேடிக்கை பார்ப்பதற்காக 'கன்வெர்ட்' கொடு.) செல்லில் 1.23E+15 என்று நிற்கும், அதாவது 1.23-ஐப் பத்தின் 15-ஆம் அடுக்கால் பெருக்கியது. செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பார்த்தால் 1234567890123450. கடைசி 6 போய் 0 உட்கார்ந்திருக்கும். எந்த எண்ணிலும் முதல் 15 இலக்கத்தைத்தான் எக்செல் வைத்துக்கொள்ளும். பெருக்கிக் கூட்டுகிற எண்ணுக்கு அது தாராளம். கணக்கு எண்ணை யார் பெருக்கப் போகிறார்கள்? ஆனால் இலக்கமாக இருப்பதெல்லாம் கணக்குப் போடத்தான் என்று அது முடிவு செய்துவிடுகிறது.

அடுத்தது இன்னும் மோசம். பக்கத்து செல்லில் ஏதாவது ஒரு எழுத்து அடித்து சேவ் செய். சிஎஸ்வியில் கண்ணுக்குத் தெரிவதுதான் எழுதப்படும் என்பதால், நோட்பேடில் பார்த்தால் 1.23E+15 என்றே இருக்கும். மறுபடி எக்செல்லில் திறந்தால் 1230000000000000. இனி செல்லை 'டெக்ஸ்ட்' ஆக்கினாலும் பயனில்லை, போன இலக்கம் போனதுதான். இதில் ஊழியர் செய்த குற்றம் என்ன? டபுள் கிளிக்.

"சேவ் செய்யும்போது எச்சரிக்கை வந்ததே" என்று நீ கேட்பாய். சில வசதிகள் இழக்கப்படலாம் என்கிற மஞ்சள் பட்டைதானே? இலக்கம் போகிறது என்று அது எங்கே சொல்கிறது? சிஎஸ்வியில் எதை சேவ் செய்தாலும் வருகிற பட்டை அது. எதற்கெடுத்தாலும் குரைக்கிற நாயை யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

படிக்காதவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்றும் நினைக்காதே. மரபணு ஆராய்ச்சியாளர்கள் SEPT1, MARCH1 என்று மரபணுப் பெயரை அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். 2004-லேயே இதைக் கட்டுரையாக எழுதி எச்சரித்தார்கள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் கண்டது. கடைசியில் 2020-ல் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து SEPTIN1, MARCHF1 என்று மரபணுக்களின் பெயரை மாற்றியது. எக்செல் தானாகச் செய்கிற மாற்றமே வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் பொதுவாகத் தந்தது 2023 அக்டோபரில். இவ்வளவு பேர் ஒரே இடத்தில் வழுக்கினால் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டவும் மாட்டேன். ரைன்ஹார்ட், ரோகோஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010-ல் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி எழுதிய கட்டுரையில், சராசரி எடுத்த ஃபார்முலா 49-ஆம் வரிசை வரை போகாமல் 44-லேயே நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013-ல் ஒரு மாணவர் அந்த ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. அங்கே எக்செல் என்ன செய்யும்? சொன்ன வரிசையைச் சரியாகத்தான் சராசரி எடுத்தது. அதேபோல, ஒரே நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து 'ஸார்ட்' (Sort, வரிசைப்படுத்துதல்) கொடுத்தால், பக்கத்தில் உள்ளதையும் சேர்க்கட்டுமா என்று அது கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் தொகை வந்ததே என்று அலறினால் அது நம் தப்பு.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: நடந்தது அந்த ஆளுக்குத் தெரிய ஏதாவது வழி இருந்ததா?

செய்முறைக்கு இதைச் சொல்லிக்கொடு. சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்யாமல், முதலில் காலி ஷீட்டைத் திறந்து 'டேட்டா' பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போக வேண்டும். முன்னோட்டத்தில் 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்ற இடத்தில் கண்டுபிடிக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்து 'லோட்'. எல்லாம் எழுத்தாகவே வந்து இறங்கும். கூட்ட வேண்டிய தொகையை மட்டும் பிறகு எண்ணாக்கிக்கொள்ளலாம். கையால் அடிப்பதானால், அடிப்பதற்கு முன்பே நெடுவரிசையை செலக்ட் செய்து கன்ட்ரோல்+1, 'டெக்ஸ்ட்'. லிப்ரே ஆபீஸ் (எக்செல்லுக்கு மாற்றான இலவச மென்பொருள்) இருக்கிற மெஷினில் இதே ஃபைலைத் திறந்தும் காட்டு. இறக்குமுன் அது ஒரு பெட்டியைக் காட்டி, எந்த நெடுவரிசை எந்த வகை என்று குறிக்க இடம் தரும். ஆளும் அதே ஆள், ஃபைலும் அதே ஃபைல்.

வகுப்புக்கு முதல் நாளே அந்த அறை மெஷின்களில் விண்டோஸ் 'ரீஜன்' (எந்த நாட்டு அமைப்பு) என்னவென்று பார்த்துவிடு. அமெரிக்கா என்று இருந்தால் சிஎஸ்வியில் உள்ள 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2024-க்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்று செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே நெடுவரிசையில் சில தேதி வலப்பக்கம், சில இடப்பக்கம் என்று பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். வகுப்புக்குத் தயாரிக்கிற ஷீட்டை முன்கூட்டியே அனுப்பினால் ஒரு பார்வை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மணி