சரவணனுக்கு, பூட்ஸ் விஷயமாக

ஆம்பூர்

அன்புள்ள சரவணா,

வண்டிப் படம் பார்த்தேன். ஓசூரில் தயாராகிற அபாச்சி ஆர்ஆர் 310 பைக்கை ஓசூர்க்காரன் வாங்காமல் வேறு யார் வாங்குவது? இந்த வயசில் எதற்கு என்று கேட்கிறவர்களை விடு. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தொலைக்காட்சியில் ஓடுகிற எழுத்தையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். மகள் பிளஸ் டூ. வீடே பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "நீதானே ஷூ கம்பெனியில் இருக்கிறாய், பைக் ஓட்டும்போது போட நல்ல பூட்ஸாக ஒன்று சொல்" என்று எழுதியிருக்கிறாய். கம்பெனிப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் உன் வண்டியில் கால் எப்படி இருக்கிறது என்று கவனி. கால் வைக்கிற கட்டை, அதாவது ஃபுட்பெக், பின்னால் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் இருக்கும். முட்டி நன்றாக மடங்கும், கணுக்காலும் மடங்கும். அந்த மடிப்பிலேயே மணிக்கணக்கில் உட்கார வேண்டும், கியர் லிவருக்கு அடியில் விரலை நுழைத்துத் தூக்கவும் வேண்டும். அதனால் பூட்ஸ் முன்பின்னாக எளிதில் வளைய வேண்டும். பக்கவாட்டில் வளையவே கூடாது. விலை முழுக்க இதற்குத்தான். நல்ல ஸ்போர்ட் பூட்ஸில் கணுக்காலின் முன்னாலும் குதிகால் நரம்புக்கு மேலேயும் மடிப்பு மடிப்பாக இளகிய பகுதி இருக்கும். இரண்டு பக்கமும் கீல் வைத்த கெட்டியான பட்டை ஓடும். வண்டி சறுக்கி விழும்போது கால் பெரும்பாலும் அடியில் மாட்டிக்கொள்ளும். உன் வண்டி எடை 174 கிலோ. அது மேலே கிடக்கும்போது பாதம் முறுக்கிக்கொள்ளாமலும் நசுங்காமலும் இருக்க வேண்டும்.

கடையில் இதைக் கையாலேயே சோதிக்கலாம். ஒரு கையில் முனையையும் மறு கையில் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கு. சுலபமாகத் திரும்பினால் அங்கேயே வைத்துவிடு. அப்புறம் சோலின் இரண்டு ஓரத்தையும் அகலவாக்கில் அமுக்கிப் பார். பைக் படம் போட்ட சின்ன லேபிள் உள்ளே இருக்கிறதா என்றும் பார். அதில் இஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் அதனோடு நான்கு இலக்கங்களும் இருக்கும். உயரம், தேய்மானம் தாங்குவது, வெட்டுத் தாங்குவது, கடைசியாக அகலவாக்கில் நசுங்காத தன்மை. ஒவ்வொன்றும் 1 அல்லது 2, இரண்டுதான் மேல். ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கடைசி இலக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. கணுக்கால் அடிக்குத் தனிச் சோதனை உண்டு, அதில் தேறியிருந்தால் ஐபிஏ என்று போட்டிருக்கும். நம் ஊர்ச் சட்டம் ஹெல்மெட்டோடு நிறுத்திக்கொண்டதால் கடைக்காரர்கள் இதையெல்லாம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

உன் மச்சான் சொன்ன தொழிற்சாலை சேஃப்டி ஷூ வேண்டாம். இரும்பு வைத்த முனை தடிமனாக இருக்கும், லிவருக்கு அடியில் போகாது. கணுக்காலுக்கும் அதில் ஒன்றும் இல்லை. வெளியே தொங்கும் லேஸும் ஆகாது, பெக்கிலோ லிவரிலோ சிக்கும். ஜிப், அதை மூடும் வெல்க்ரோ மடல், இவை போதும்.

தோலா, மைக்ரோஃபைபர் என்கிற செயற்கைத் தோலா என்று கேட்டிருந்தாய். ஆம்பூர்க்காரன் வாயில் வரக்கூடாத பதில்தான்: உனக்கு மைக்ரோஃபைபர். நல்ல மாட்டுத்தோல் ரோட்டில் உரசினாலும் நன்றாகத் தாங்கும், நாளாக ஆகக் காலின் வடிவத்துக்கும் வந்துவிடும். ஆனால் வியர்வையில் ஊறினால் காய நேரமாகும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அடிக்கடி மெழுகு போட வேண்டும். நீ அதையெல்லாம் செய்கிற ஆளா?

வாட்டர்ப்ரூஃபுக்கும் ஆசைப்படாதே. ஸ்போர்ட் பூட்ஸில் பேண்ட் உள்ளே போகும். மழைத்தண்ணீர் பேண்ட் வழியாக மேலிருந்தே இறங்கிவிடும், அப்புறம் தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே வைத்த சவ்வே தண்ணீரை வெளியே விடாமல் உள்ளேயே தேக்கி வைக்கும். துளை போட்ட காற்றோட்டமான பூட்ஸே நம் வெயிலுக்குச் சரி.

முனையின் வெளிப்பக்கம் திருகி மாட்டிய ஸ்லைடர், அதாவது தரையில் உரசுகிற தகடு, கழற்றி மாற்றக்கூடியதா என்று கேள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டியைச் சாய்க்கும்போது அது தேயும், தேய்வதற்காகவே வைத்தது. ரோட்டில் தேய்ந்தால் நீ காலை வைத்திருக்கும் இடம் தப்பு. முன்பாதம் பெக்கின்மேல் இருக்க வேண்டும், விரல் கீழே தொங்கக்கூடாது.

அளவு பற்றி ஒன்று. இத்தாலியப் பூட்ஸ் பல முன்பக்கம் குறுகலாக இருக்கும். நமக்குச் செருப்பு போட்டே பரந்துபோன கால். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸும் ரைடிங் பேண்ட்டும் போட்டுக்கொண்டு பார். கெண்டைக்காலில் ஜிப் முழுக்க ஏற வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதெல்லாம் வீண். வண்டியில் ஏறி உட்கார்ந்து கியர் போட்டுப் பார், பிரேக் பெடல் உள்ளங்காலுக்குத் தெரிகிறதா என்று பார். லிவர் கொஞ்சம் இடித்தால் அதன் உயரத்தை மெக்கானிக்கிடம் சொல்லி ஏற்றிக்கொள்ளலாம், பூட்ஸைக் குறை சொல்லாதே. வண்டியில் உட்கார்ந்து பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

கவிதா விலையைப் பார்த்துக் கோபப்பட்டால் என்னிடம் போனைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். டிராக்குக்குப் போகும்போது எப்படியும் எங்கள் ஊர் வழியாகத்தானே போவாய், முந்தின நாளே சொல்லிவிடு. காலை ஏழு மணிக்குள் வந்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

அன்புடன்,
ரஃபீக்