மலையேறி வந்தவர்களுக்கும் மலையிலேயே இருந்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனாக் காலத்தில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசி ஊர்களுக்கு வந்து உதவியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும்தான் பார்த்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் பணியர் ஊரில் கூலி நின்றுபோனது. இஞ்சித் தோட்டத்துக்கும் காப்பி பறிக்கவும் வயநாட்டுக்குப் போய்வந்தவர்கள் பலர். எல்லையை மூடியதும் அவர்கள் வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டமாகிவிட்டது. அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி. குழம்புக்கு ஓடை நண்டும் சேம்பந்தண்டும் தகரைக் கீரையும் இருந்தன. எந்தக் கிழங்கை எங்கே தோண்டுவது, கசப்பு போக எப்படி வேகவைப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்த எங்கள் பாட்டிமாருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

காய்ச்சல் வந்தால் தனி அறையில் இருங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் வீடே ஒரு அறைதான். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வீட்டைக் காலிசெய்து, காய்ச்சல்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வாசல்வரை சோறு கொண்டுபோய் வைத்தவர்களையும் மறக்க முடியாது.

அப்புறம் சிக்கிள் செல் என்கிற ரத்த நோய். எங்கள் ஜனங்களில் பலருக்கு அது பிறப்பிலேயே உண்டு. குளிரிலும் காய்ச்சலிலும் உடம்பு முறுக்கிப் பிழிவதுபோல் வலிக்கும். என் தம்பிக்கும் இருக்கிறது. மாத்திரை ஒரு மாதம் தவறினாலே பயம், அதுவும் பஸ் ஓடாத மழைக்காலத்தில். ஆதிவாசி மருத்துவமனையின் சுகாதாரப் பணியாளர்கள் அட்டை கடிக்கிற பாதையில் நடந்தே வந்து மாத்திரை கொடுத்தார்கள். அவர்களும் எங்களைப் போல ஆதிவாசி வீட்டுப் பெண்கள்தான். அந்த மருத்துவமனையை நடத்துகிற அஸ்வினி அமைப்பு முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் பிள்ளைகளையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கி வைத்திருந்ததன் அருமை அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கொரோனா வந்த பிறகு தேடியிருந்தால் அப்படி ஆள் கிடைத்திருக்காது.

தடுப்பூசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்த பிறகு, ஊசி போட்டால் செத்துப்போவோம் என்ற பேச்சு காட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஜீப் சத்தம் கேட்டாலே சிலர் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்கள். முதல் தடவை வந்த குழு யாருக்கும் போடாமலே திரும்பியது. ஆனால் கோபப்படவில்லை, ரேஷனை நிறுத்துவோம் என்று மிரட்டவுமில்லை. அதற்குத்தான் முதல் நன்றி.

மறுபடி வந்தபோது எங்கள் பாஷை பேசுகிற அக்கா கூடவே வந்தார். ஊசியால் காய்ச்சல் வந்தால் மறுநாள் கூலி போகுமே என்பதுதான் நிஜமான பயம் என்று அவர்தான் குழுவுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து வந்தார்கள். எங்கள் ஊர்த் தலைவர் முதலில் கையை நீட்டினார். மறுநாள் காலையில் அக்கா பாராசிட்டமால் பொட்டலத்தோடு வீடு வீடாக வந்து விசாரித்தார். தேன் எடுக்கக் காட்டுக்குள் போயிருந்த காட்டுநாயக்கர் குடும்பங்களையும், அவர்கள் திரும்பும் நாள் கேட்டுப் போய்ப் பார்த்தார்கள்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரியில் ஆறு பழங்குடிகள் இருக்கிறோம். 2021 ஜூலை பிறக்கும்போது எங்களில் 18 வயது தாண்டிய ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் ஊசி போட்டாகிவிட்டது. பெரிய நகரங்களில்கூட ஊசிக்கு வரிசையில் நின்ற நேரம் அது.

கிராம சுகாதார நர்சுகளுக்கும் ஜீப் ஓட்டியவர்களுக்கும் ஆதிவாசி சங்கத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி மூடிக்கிடந்தபோது திண்ணையில் பாடம் சொல்லித்தந்த அண்ணன் அக்காக்களுக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி நன்றாக இருக்கிறான். அந்தப் பாதை இன்னும் சரியாகவில்லை, ஆனாலும் ஒரு தடவை வாருங்கள். இந்த முறை மாஸ்க் இல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கூடலூர் பக்கத்துப் பணியர் ஊரிலிருந்து ஒரு சகோதரி