சிலை வைத்தீர்கள், வீட்டுக்குப் போனீர்களா?

எஸ்இசி (SEC) என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பில் உள்ள 16 பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் கென்டக்கியில் குடியிருக்கும் தமிழன். இதை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, சனிக்கிழமை ஆனால் அந்தக் கல்லூரி நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு மேட்சுக்குக் கிளம்பும் எங்கள் ஆட்களுக்கும் இந்தக் கதை தெரிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

லெக்சிங்டனில் கென்டக்கி பல்கலைக்கழக மைதானத்தை ஒட்டி நான்கு இளைஞர்களின் சிலை நிற்கிறது. நேட் நார்த்திங்டன், கிரெக் பேஜ், வில்பர் ஹாக்கெட், ஹூஸ்டன் ஹாக். உங்கள் கூட்டமைப்பின் அமெரிக்க ஃபுட்பாலில் வெள்ளையர் மட்டும் என்ற வேலியை உடைத்தவர்கள். 2016ல் சிலை திறந்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன்.

ஆனால் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1967 ஆகஸ்டில் பயிற்சியின்போது கிரெக் பேஜுக்குக் கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. 38 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை இறந்துபோனார். மறுநாள் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) அணியோடு ஆட்டம். அதை யாரும் தள்ளி வைக்கவில்லை. பேஜோடு ஒரே அறையில் தங்கியிருந்த நார்த்திங்டன் மைதானத்தில் இறங்கினார். எஸ்இசி ஆட்டமொன்றில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். சில நிமிடங்களில் தோள்பட்டை இறங்கி வெளியே வந்தார். அடுத்த சில வாரங்களில் கல்லூரியை விட்டே போய்விட்டார். போகும்போது ஹாக்கெட்டிடமும் ஹாகிடமும், நீங்கள் இருந்து இதை முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் இருந்தார்கள். 1969ல் ஹாக்கெட் அணித் தலைவரானார். அதற்கு முன் எஸ்இசியில் எந்த விளையாட்டிலும் ஒரு கறுப்பினத்தவர் அணித் தலைவராக இருந்ததில்லை.

உங்கள் விழாக்களில் அந்தச் சனிக்கிழமையைப் பேசுகிறீர்கள். மிடில்ஸ்பரோ என்ற சின்ன மலையூரிலிருந்து மகனைப் படிக்க அனுப்பிய ஒரு அப்பா அம்மாவுக்கு அந்த 38 நாளும் எப்படிப் போயிருக்கும் என்பதையும் பேசுங்கள். பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வீடு திரும்பிய எந்தப் பெற்றோருக்கும் அது கொஞ்சமாவது புரியும்.

முதல் ஆளாகப் போன பையனோடு அவன் வீடும் சேர்ந்தே போனது. உங்கள் கூட்டமைப்பைச் சேராத ஒரு மைதானத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1963ல் மேரிலாந்து அணிக்காக டாரில் ஹில், ஏசிசி என்ற இன்னொரு கல்லூரிக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின ஃபுட்பால் வீரர், கிளெம்சனில் ஆடப்போனார். மகன் ஆடுவதைப் பார்க்க வந்த அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கறுப்பினத்தவருக்கு உள்ளே இடம் இல்லையாம். அப்புறம் கிளெம்சன் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் எட்வர்ட்ஸ் அந்த அம்மாவைக் கூட்டிப்போய்த் தன் இடத்தில் உட்காரவைத்தார். அன்று மகன் 10 பந்துகளைப் பிடித்தார். பிடித்த பந்துக்குப் பதிவேடு உண்டு. வாசலில் நின்ற தாயின் கதை, மகன் வாய் திறந்து சொன்னதால் நமக்குத் தெரிகிறது. சொல்லாமலே போன தாய்மார்கள் எத்தனை பேரோ!

2024ல் உங்களோடு சேர்ந்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். 1969ல் தேசியப் பட்டம் வென்ற அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. அடுத்த ஆண்டு அந்த அணியில் ஆடத் தொடங்கியவர் ஜூலியஸ் விட்டியர். பின்னாளில் வழக்கறிஞரானார். அறுபதை ஒட்டிய வயதிலேயே அல்சைமர் வந்தது. 2014ல் அவர் சார்பில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ மீது வழக்குப் போட்டவர் அவருடைய சகோதரி. தலையில் பட்ட அடிகளின் பின்விளைவுக்கு யார் பொறுப்பு என்று கேட்ட வழக்கு அது. 2018ல் விட்டியர் இறந்தார். 2020ல் மைதானத்துக்கு வெளியே சிலை வந்தது. நினைவு தப்பிய ஒருவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் நடப்பது என்றால் அது வீட்டில் இருப்பவர்கள் தலையில்தான் விழும். அதைத்தான் நான் உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனியாக இருந்த பள்ளிகள் ஒன்றானபோது கறுப்பினப் பள்ளிகளின் பயிற்சியாளர்கள் பலர் வேலை இழந்தார்கள், அல்லது வெள்ளையருக்குக் கீழே உதவியாளர்களானார்கள். அந்த வீடுகளில் இந்த வெற்றியை எப்படிப் பேசியிருப்பார்கள் என்றும் யாராவது கேட்க வேண்டும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023-24 நிதியாண்டில் உங்கள் கூட்டமைப்பு பகிர்ந்துகொடுத்தது 80 கோடி டாலருக்கும் மேல். என்சிஏஏ மீது வீரர்கள் போட்ட வழக்கில் 2025ல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி கல்லூரி வீரர்களுக்குச் சேரவேண்டிய பழைய பாக்கி சுமார் 280 கோடி டாலர். அது 2016க்குப் பிறகு ஆடியவர்களுக்கு மட்டும். கதவைத் திறந்துவிட்ட தலைமுறைக்கு அதில் ஒரு காசு கிடையாது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் முதல் கறுப்பின வீரர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பட்டும். அவர்கள் மனைவி, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் பேசுவதைப் பதிவு செய்து நூலகத்தில் வையுங்கள். ஆட்ட இடைவேளையில் மைதானத்துக்கு அழைத்துக் கைதட்டி அனுப்பினால் போதாது. அந்தக் காலத்தில் ஆடி இன்னும் உயிரோடிருப்பவர்களுக்கு மூளை, நரம்புப் பரிசோதனைச் செலவை ஆயுள் முழுக்க ஏற்றுக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவித்தொகை கொடுங்கள். பேரப்பிள்ளைகள் உங்களிடம் படிக்க வந்தால் கட்டணம் வாங்காதீர்கள். எண்ணிக்கை பெரிதாக இருக்காது, உங்கள் உதவிப் பயிற்சியாளர் ஒருவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீக்கிரம் செய்யுங்கள். 1951ல் ஆட்டத்தின்போது எதிரணியின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டின் தாடையைத் தங்கள் வெள்ளையின வீரர் உடைத்த சம்பவத்துக்கு ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2005ல் மன்னிப்புக் கேட்டது. பிரைட் 1983லேயே இறந்துவிட்டார். ஹூஸ்டன் ஹாகும் 2020ல் போய்விட்டார். அடுத்த சீசன் தொடங்கும் முன் யார் யார் வீட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
லெக்சிங்டனிலிருந்து ஒரு தமிழன்